முதல் நாள் யார் கையில் பந்து? டாட்ஜர்ஸ் அணி பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2024, 2025 என்று அடுத்தடுத்து, அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்ற பிறகு பேஸ்பால் பற்றிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். சீசனின் முதல் ஆட்டத்தில் யார் பந்து வீசினார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒரு சீசனில் 162 ஆட்டம். அதில் முதல் ஆட்டத்தில் யார் வீசினால் என்ன? இதற்குப் போய் ஏன் இவ்வளவு அமர்க்களம்?

கணக்குப்படி பார்த்தால் ஒன்றுமே இல்லை. முதல் ஆட்டத்தில் ஜெயித்தாலும் நூறாவது ஆட்டத்தில் ஜெயித்தாலும் கிடைப்பது ஒரே ஒரு வெற்றிதான். ஆனால் ஸ்டார்ட்டிங் பிட்சர், அதாவது ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து வீசுகிறவர், தினமும் வீச முடியாது. ஒரு நாள் தொண்ணூறு, நூறு பந்து வீசினால் அடுத்த நாலைந்து நாள் தோளுக்கு ஓய்வு. அதனால் ஒவ்வொரு அணியும் ஐந்து பேரை வரிசை கட்டி வைத்திருக்கும். அந்த ஐவரில் முதல் ஆள் யார் என்று மேனேஜர் ஊரறியச் சொல்கிற நாள்தான் ஓப்பனிங் டே. கிரிக்கெட்டில் கேப்டன் புதுப் பந்தை யாரிடம் தருகிறார் என்பது மாதிரி. அங்கே மறுமுனையிலிருந்து வீச இன்னொருவர் இருப்பார், இங்கே அந்த வசதி கிடையாது.

பொதுவாக இது அனுபவத்துக்கும் திறமைக்கும் தருகிற மரியாதை. ஆனால் டாட்ஜர்ஸ் பட்டியலை வருடவாரியாகப் படித்துப் பாருங்கள். அதன் சுவாரசியமான பெயர்களில் பலவும் ‘அன்றைக்கு வீசியிருக்க வேண்டியவர் வீச முடியாததால்’ வந்தவை.

கேள்வி: டாட்ஜர்ஸில் அதிக முறை தொடக்க ஆட்டத்தில் வீசியவர் யார்?

கிளேட்டன் கெர்ஷா, 9 முறை. 2011 முதல் 2018 வரை இடைவிடாமல் எட்டு, அப்புறம் 2021. அவருக்கு முன்னால் டான் டிரைஸ்டேலும் டான் சட்டனும் தலா 7. சட்டனுடைய ஏழும் 1972 முதல் 1978 வரை தொடர்ச்சியாக வந்தவை. மேஜர் லீக் பேஸ்பாலின் இரு பிரிவுகளான அமெரிக்க லீக், தேசிய லீக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சாதனை டாம் சீவருடையது: மெட்ஸுக்கு 11, சின்சினாட்டி ரெட்ஸுக்கு 3, சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு 2, ஆக மொத்தம் 16.

கேள்வி: சாண்டி கோஃபேக்ஸ் தான் டாட்ஜர்ஸ் வரலாற்றிலேயே பெரிய பிட்சர் என்கிறார்கள். அவர் பெயர் இந்தப் பட்டியலில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. தவறா?

தவறில்லை. 1964 மட்டும்தான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராக 4-0, ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஒரே வாய்ப்பு, அதிலும் ஷட் அவுட்!

காரணங்கள் மூன்று. 1955-ல் 19 வயதில் அணிக்கு வந்தபோது அவருக்கு வேகம் இருந்தது, பந்து எங்கே போகும் என்ற உறுதி இல்லை. அது கைக்கு வந்ததே 1961-க்கு அப்புறம்தான். இரண்டாவது காரணம் டிரைஸ்டேல். 1962-ல் 25 வெற்றிகளுடன், வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவரை நகர்த்துவது எப்படி? 1963-ல் கோஃபேக்ஸும் 25 ஆட்டங்களை வென்று அதே விருதை வாங்கிய பிறகுதான் மறு வருடம் அந்த இடம் கிடைத்தது. 1965 வசந்தகாலப் பயிற்சியில் அவருடைய இடது முழங்கை வீங்கிவிட்டது. மூட்டுவாதம். மறுபடி டிரைஸ்டேல்.

மூன்றாவதுதான் நல்ல கதை. 1966-ல் கோஃபேக்ஸும் டிரைஸ்டேலும் சேர்ந்துகொண்டு, ‘எங்கள் இருவருக்கும் ஒன்றாகப் பேசி முடித்தால்தான் வருவோம்’ என்று சம்பளத்துக்காக விலகி நின்றார்கள். மூன்று வருடத்துக்கு இருவருக்குமாகப் பத்து லட்சம் டாலர் கேட்டார்கள். வீரர்கள் ஏஜென்ட் வைத்துப் பேசும் வழக்கமே இல்லாத காலம் அது. கடைசியில் கோஃபேக்ஸ் 1,25,000, டிரைஸ்டேல் 1,10,000 என்று முடிந்தது. அதற்குள் பயிற்சிக் காலம் கிட்டத்தட்டப் போய்விட்டது. தொடக்க ஆட்டத்தில் வீசியவர் கிளாட் ஆஸ்டீன். கோஃபேக்ஸ் அந்த வருடம் 27 ஆட்டங்களை வென்றுவிட்டு, முழங்கை தாங்காமல் முப்பது வயதில் ஓய்வு பெற்றார். தொடக்க ஆட்ட எண்ணிக்கையை வைத்து யாரையும் எடை போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: ஃபெர்னாண்டோ வலென்சுவேலா 1981-ல் தற்செயலாகத்தான் தொடக்க ஆட்டத்தில் வீசினார் என்று படித்தேன். உண்மையா?

முழு உண்மை. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதையும் இதுதான்.

வீச வேண்டியவர் ஜெர்ரி ரூஸ். முந்தைய வருடம் 18 வெற்றி, நடுவில் ஒரு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராத ஆட்டம்), எல்லாம் சரியாக இருந்தது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவருக்குக் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது. அடுத்த இடத்தில் இருந்த பர்ட் ஹூட்டனுக்குக் கால்விரல் நகத்தில் தொந்தரவு. மேனேஜர் டாமி லசோர்டா சுற்றிப் பார்த்தார். கையில் இருந்தது மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் எச்சோவாகிலா என்ற குக்கிராமத்திலிருந்து வந்த 20 வயதுப் பையன். பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. கொஞ்சம் தொப்பை. ஆங்கிலம் அவ்வளவாக வராது. 1980 செப்டம்பரில் மாற்றுப் பிட்சராக வந்து 17 இன்னிங்ஸுக்கு மேல் வீசியிருந்தாரே தவிர, ஒரு ஆட்டத்தைக்கூட முதல் பந்திலிருந்து தொடங்கியதில்லை.

1981 ஏப்ரல் 9. எதிரணி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். பையன் வலது காலைத் தூக்குகிறார், இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோகிறார், கண் கேட்சரைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கிறது, அப்புறம்தான் பந்து வருகிறது. அதுவும் ஸ்க்ரூபால். இடது கைக்காரர் வீசும் சாதாரணச் சுழல் பந்து எந்தப் பக்கம் வளையுமோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஓடும் பந்து. மணிக்கட்டை உள்பக்கமாக முறுக்கி வீச வேண்டும், கைக்கு நல்லதில்லை என்று பலர் தொடவே மாட்டார்கள். ஒன்பது இன்னிங்ஸையும் அவரே வீசி முடித்தார். ஐந்து ஹிட், ரன் ஏதுமில்லை. டாட்ஜர்ஸ் 2-0.

அதோடு நிற்கவில்லை. முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி, அதில் ஐந்து ஷட் அவுட். வருட முடிவில் சிறந்த புதுமுகம், சை யங் இரண்டு விருதுகளும் அவருக்கே. ஒரே சீசனில் இரண்டையும் வாங்கிய முதல் ஆள். அக்டோபரில் அணி வேர்ல்ட் சீரிஸையும் வென்றது.

மைதானத்துக்கு வெளியே நடந்தது இன்னும் பெரிது. டாட்ஜர் ஸ்டேடியம் நிற்கும் சாவேஸ் ரவீன் பகுதியில் ஒரு காலத்தில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1950-களில் அவர்களை வெளியேற்றினார்கள். கடைசிக் குடும்பங்களை 1959-ல் போலீஸ் தூக்கியே வெளியேற்றியது. அந்தச் சமூகத்தில் பலர் ஸ்டேடியத்தின் பக்கமே போகாமல் இருந்தார்கள். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கூட்டம் கூட்டமாக உள்ளே வரவைத்தவர் ஃபெர்னாண்டோ. அவருடைய 34-ஆம் எண்ணை 2023-ல் அணி வேறு யாருக்கும் தருவதில்லை என்று நிறுத்தியது. 2024 அக்டோபரில், வேர்ல்ட் சீரிஸ் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது இறந்துபோனார்.

ரூஸுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குணமாகி வந்து அதே சீசனில் நன்றாக வீசினார். 1982 தொடக்க ஆட்டம் அவருக்குத்தான்.

கேள்வி: டாட்ஜர் ஸ்டேடியத்தில் முதல் ஆட்டத்தில் வீசியவர் யார்?

ஜானி போட்ரெஸ், 1962 ஏப்ரல் 10. சின்சினாட்டி ரெட்ஸிடம் 6-3 தோல்வி. புது மைதானத்துக்கு அப்படியொன்றும் நல்ல திறப்பு விழா இல்லை.

கேள்வி: 1947-ல் ஜாக்கி ராபின்சன் முதன்முதலாக ஆடிய அன்று டாட்ஜர்ஸ் பிட்சர் யார்?

அணி அப்போது புரூக்ளினில் இருந்தது. எபெட்ஸ் ஃபீல்டில் ஏப்ரல் 15 அன்று தொடங்கியவர் ஜோ ஹாட்டன். எதிரே பாஸ்டன் பிரேவ்ஸின் ஜானி செய்ன். டாட்ஜர்ஸ் 5-3 என்று ஜெயித்தது. ராபின்சனுக்கு ஹிட் கிடைக்கவில்லை, ஆனால் அணியை முன்னிலைக்குக் கொண்டுபோன ரன்னை ஓடி எடுத்தவர் அவர்தான்.

கேள்வி: கெர்ஷாவின் ஒன்பதில் உங்களுக்குப் பிடித்தது எது?

யோசிக்கவே வேண்டாம், 2013 ஏப்ரல் 1. சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் முந்தைய வருட சாம்பியன். பழைய பகை வேறு. ஆட்டத்துக்கு முன் சம்பிரதாய முதல் பந்து வீச, கூடைப்பந்து வீரரும் அணி உரிமையாளர்களில் ஒருவருமான மேஜிக் ஜான்சன், பிட்சர் நின்று வீசும் மேடான மவுண்டுக்கு வந்து நின்றார். மேனேஜர் டான் மேட்டிங்லி நடந்து வந்து, பிட்சரை மாற்றுவது போலக் கையைக் காட்டினார். உள்ளே வந்தவர் கோஃபேக்ஸ்! 77 வயது. கூட்டம் எப்படிக் கத்தியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கெர்ஷா. ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. எட்டாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் பேட்டிங், முதலில் வர வேண்டியவர் கெர்ஷாவே. அந்த நிலையில் பல மேனேஜர்கள் பிட்சரை உட்காரவைத்து ஒரு நல்ல பேட்டரை அனுப்புவார்கள். மேட்டிங்லி அனுப்பவில்லை. ஜார்ஜ் கோன்டோஸ் வீசிய முதல் பந்தே சென்டர் ஃபீல்டு சுவரைத் தாண்டியது. கெர்ஷா தன் வாழ்நாளில் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான். அதே இன்னிங்ஸில் இன்னும் மூன்று ரன் வந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸையும் அவரே வீசி 4-0 என்று முடித்தார், மொத்தமே 94 பந்து. தொடக்க ஆட்டத்தில் ஷட் அவுட்டும் ஹோம் ரன்னும் ஒருவரே செய்தது அதற்கு முன் 1953-ல், கிளீவ்லேண்டின் பாப் லெமன்.

2022 முதல் டாட்ஜர்ஸ் ஆடும் தேசிய லீகிலும் பிட்சருக்குப் பதில் பேட் செய்யத் தனி பேட்டர் வந்துவிட்டார். விதி மாற்றம் ஆட்டத்துக்கு நல்லதுதான் என்கிறார்கள். எனக்கு முழு சம்மதமில்லை.

கேள்வி: ஆசிய பிட்சர்கள் இப்போதுதான் தொடக்க ஆட்டத்தில் வீசுகிறார்களா?

இல்லை. தென் கொரியாவின் சான் ஹோ பார்க் 2001-லேயே டாட்ஜர்ஸுக்கு வீசி, மில்வாக்கியை 1-0 என்று வென்றுகொடுத்தார். ஜப்பானின் ஹிடேயோ நோமோ 2003-ல் அரிசோனாவுக்கு எதிராக ஷட் அவுட். எதிரே நின்றது ராண்டி ஜான்சன் என்பதை மறக்கக் கூடாது. 2019-ல் கெர்ஷாவுக்குத் தோளில் கோளாறு, அதனால் ஹியூன்-ஜின் ரியூ. அன்று டாட்ஜர்ஸ் எட்டு ஹோம் ரன் அடித்து, தொடக்க ஆட்டத்துக்கான சாதனை வைத்தது.

2025-ல் டோக்கியோ டோமில் நடந்தது வேறு விதம். டாட்ஜர்ஸுக்கு யோஷினோபு யமமோட்டோ, சிகாகோ கப்ஸுக்கு ஷோட்டா இமனாகா. தொடக்க ஆட்டத்தில் இரு பக்கமும் ஜப்பானிய பிட்சர்கள் மோதியது அதுவே முதல் முறை. யமமோட்டோ ஐந்து இன்னிங்ஸில் ஒரு ரன் மட்டும் கொடுக்க, டாட்ஜர்ஸ் 4-1. ஒரு வருடம் முன்பு சியோலில் அவருடைய அறிமுக ஆட்டம் ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன் என்று முடிந்திருந்தது. அந்த சியோல் தொடரிலும் முதல் ஆட்டம் அவருக்கு இல்லை, டைலர் கிளாஸ்னோவுக்கு.

கேள்வி: 2020-ல் டஸ்டின் மே என்ற புதுமுகம் எப்படி வந்தார்?

கொரோனாவால் சீசன் ஜூலை 23-ல் தொடங்கியது. ஆட்கள் இல்லாத மைதானம். அன்றைக்கே கெர்ஷாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சில மணி நேர அவகாசத்தில் மே வந்து வீசினார். ஃபெர்னாண்டோவுக்குப் பிறகு டாட்ஜர்ஸ் தொடக்க ஆட்டத்தில் வீசிய முதல் புதுமுகம். ஜயன்ட்ஸுக்கு எதிராக 8-1 வெற்றி.

கேள்வி: முதல் ஆட்டத்தில் தோற்றால் சீசன் ஆட்டம் கண்டுவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

1988-ஐ அவரிடம் சொல்லுங்கள். அந்தத் தொடக்க ஆட்டத்தில் ஃபெர்னாண்டோ வீசினார், ஜயன்ட்ஸிடம் 5-1 தோல்வி. அந்த வருடம் முழுக்க அணியைத் தூக்கி நிறுத்தியவர் ஓரல் ஹெர்ஷைசர்: 23 வெற்றி, தொடர்ந்து 59 இன்னிங்ஸ் ரன் கொடுக்காத சாதனை, கடைசியில் வேர்ல்ட் சீரிஸ். முதல் நாள் பந்து அவர் கையில் இல்லை.