யோகோ: கடலா, கதிரவனா?

அன்புள்ள ஐயா,

என்னுடன் பணிபுரியும் ஜப்பானியப் பெண்ணின் பெயர் யோகோ. பொருள் தேடினால் ஓர் இணையதளம் ‘கடலின் குழந்தை’ என்கிறது, இன்னொன்று ‘சூரியனின் குழந்தை’ என்கிறது. எது சரி? அவரிடமே கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சரி. மூன்றாவதாக ஒரு தளம் ‘இலையின் குழந்தை’ என்று சொன்னால் அதுவும் சரி. யோகோ என்பது வெறும் ஒலி. எந்தக் கான்ஜியால், அதாவது சீனத்திலிருந்து வந்த பொருள் குறிக்கும் எழுத்தால், எழுதுகிறார்கள் என்று தெரியாதவரை அதற்குப் பொருள் சொல்ல வழியில்லை. பாடகர் யோகோ ஓனோவின் பெயரில் இருப்பது கடல். உங்கள் தோழியின் பெயரில் எது இருக்கிறதோ, யார் கண்டது! இறுதியில் வரும் ‘கோ’வைக் குழந்தை என்று பெயர்ப்பதிலும் எனக்கு அவ்வளவாகச் சம்மதமில்லை. எழுத்துக்கு அந்தப் பொருள் உண்டுதான். ஆனால் ஒருகாலத்தில் உயர்குடிப் பெண்களின் பெயரோடு ஒட்டிவந்து, பிறகு ஊரெங்கும் பரவி, இன்றைய பெற்றோருக்குப் பழைய பாணியாகிவிட்ட விகுதி அது.

எழுத்து தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓதானியைப் பாருங்கள். ‘ஷோ’வுக்கு அவர் எழுதுவது, இடப்பக்கம் ஆடும் வலப்பக்கம் சிறகும் கொண்ட எழுத்து, உயரப் பறத்தல் என்று பொருள். ‘ஹெய்’ என்றால் சமதளம், அமைதி. அகராதியோடு உட்கார்ந்தால் ‘பறக்கும் சமதளம்’ என்று ஏதோ கிடைக்கும். அவருடைய அப்பா நினைத்ததோ வேறு. அவர்கள் ஊர் இவாதே மாகாணத்தின் ஓஷு. பக்கத்திலேயே ஹிராய்சூமி, பாய்ந்து தாவும் வீரனாகக் கதைகளில் வரும் யோஷிட்சுனே இறந்த இடம். அந்தப் பாய்ச்சலுக்காக ஓர் எழுத்து, ஹிராய்சூமியின் முதல் எழுத்து இன்னொன்று. எந்தப் பெயர் அகராதியில் இது இருக்கும்?

தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. அதே பறக்கும் எழுத்தைத் தனியாக ஒரு பையனுக்கு வைத்தால் ஷோ, ககேரு, ட்சுபாசா என்று எப்படியும் படிக்கலாம். விசித்திரம் என்னவென்றால், அரசின் குடும்பப் பதிவேட்டில் அண்மைக்காலம் வரை உச்சரிப்புக்கு இடமே இல்லை. 2025 மே 26 முதல்தான் அதையும் பதிகிறார்கள்.

எழுத்துகளுக்கோ நெடுநாளாகக் கட்டுப்பாடு. பொதுப் பயன்பாட்டுக்கான 2136, பெயர்களுக்கென்று கூடுதலாக 863. இவற்றைத் தாண்டிய கான்ஜியைப் பிள்ளைக்கு வைக்க முடியாது. பட்டியலில் இருந்தாலும் எல்லாம் செல்லாது. 1993இல் தோக்கியோவின் மேற்குப் பகுதியிலுள்ள அகிஷிமாவில் ஒரு தந்தை மகனுக்கு ‘அகுமா’, அதாவது பிசாசு, என்று பெயர் கொடுத்தார். இரண்டு எழுத்துகளும் பட்டியலில் இருந்தன. நகராட்சி மறுத்தது, வழக்கு குடும்ப நீதிமன்றம் வரை போனது, கடைசியில் அவர் வேறு பெயர் வைத்தார். குழந்தை பிழைத்தது என்றுதான் சொல்வேன்.

தயங்காமல் கேளுங்கள். புதியவர்களிடம் ‘எந்த எழுத்து?’ என்று கேட்பது ஜப்பானியர்களுக்கு அன்றாட வழக்கம். தொலைபேசியில் தாமாகவே விளக்குவார்கள். நீங்களும் பொருளைக் கேட்காமல் எழுத்தைக் கேளுங்கள், யார் வைத்த பெயர் என்பதையும் சேர்த்து. அவர் ஒலியை மட்டும் குறிக்கும் ஹிரகானா எழுத்திலேயே எழுதுபவராக இருந்தால் கடலும் இல்லை, கதிரவனும் இல்லை. அப்போது இரண்டாவது கேள்வி கைகொடுக்கும்.

அன்புடன்.