வாசகர் கேள்வி – பதில்: அலமாரிக்கு வராமலே போகும் புத்தகங்கள்

கேள்வி: எங்கள் பொது நூலகத்தில் ஒரு சமூகத்தை இழிவாகப் பேசும் நூல் ஒன்றைக் கண்டேன். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நூலகம் அத்தகைய நூலை வைத்திருப்பது அதை ஆமோதிப்பதாகாதா? அகற்றும்படி நான் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அலமாரியில் இருப்பதாலேயே ஒரு நூலின் கருத்து நூலகத்தின் கருத்தாகிவிடாது. ஒன்றையொன்று வேரோடு மறுக்கும் இரண்டு நூல்கள் ஒரே தட்டில் அருகருகே நிற்பது நூலகத்தில் அன்றாடக் காட்சி. இரண்டையும் ஒருசேர ஆமோதிப்பது யாருக்கும் இயலாது. அமெரிக்காவின் டெமாயின் நகரப் பொது நூலகம் 1938-இல் தனக்கென ஓர் உரிமைச் சாசனத்தை வகுத்துக்கொண்டது. அதைத் தழுவித்தான் மறு ஆண்டே அமெரிக்க நூலகச் சங்கம் தன் சாசனத்தை நிறைவேற்றியது. எழுதியவரின் இனத்தையோ நாட்டையோ அரசியல் சமயக் கொள்கைகளையோ பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்கவோ ஒதுக்கவோ கூடாது என்பது அதன் சாரம். போர்க்காலத்தில் நூலகங்கள் அரசின் பிரசாரக் கருவிகளாக இருந்ததை நேரில் அறிந்த ஜப்பானிய நூலகர்கள் 1954-இல் இதே திசையில் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள்.

அப்படியானால் நூலகர் எதையும் தள்ளுவதே இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். தள்ளுகிறார், பணமும் இடமும் அளவுக்குட்பட்டவை. தேர்வு எங்கே முடிகிறது, தணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதற்கு லெஸ்டர் அஷைம் என்ற நூலகவியல் பேராசிரியர் 1953-இல் எழுதிய கட்டுரையைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. தேர்ந்தெடுப்பவர் ஒரு நூலை வைத்துக்கொள்வதற்கான காரணங்களைத் தேடுகிறார்; தணிக்கையாளர் அதை விலக்குவதற்கான காரணங்களைத் தேடுகிறார் என்கிறார் அவர். முன்னவர் நூலை முழுமையாக எடைபோடுகிறார். பின்னவருக்கு ஒரு பக்கம், ஏன், ஒரு சொல்கூடப் போதுமானதாக இருக்கிறது.

ஒழுங்காக நடக்கும் நூலகங்களில் இத்தகைய முறையீட்டுக்கென்றே ஒரு படிவம் இருக்கும். நூலை முழுமையாகப் படித்தீர்களா, எந்தப் பகுதிக்கு ஆட்சேபம், இதே பொருளில் வேறெந்த நூலைப் பரிந்துரைப்பீர்கள் என்பன போன்ற கேள்விகளை அதில் காணலாம். பரிசீலனை முடியும்வரை நூல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது நல்ல மரபு. முதல் கேள்வியிலேயே பலருடைய பேனா நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

எனக்குக் கவலை தருவது இப்படி வெளிப்படையாக எழும் ஆட்சேபம் அன்று. 'இதை வாங்கினால் நாளைக்கு வம்பு வரும்' என்று நினைக்கும் நூலகர், யாரும் கேட்பதற்கு முன்பே கொள்முதல் பட்டியலில் ஒரு வரியை அடித்துவிடுகிறாரே, அதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. அகற்றப்பட்ட நூலுக்குக் கோப்பு உண்டு, செய்தி உண்டு, சில நேரம் வழக்கும் உண்டு. வாங்கப்படாமலே போன நூலுக்கு எந்தத் தடயமும் இல்லை. ஆகவே உங்கள் நூலகத்திடம் எழுத்துவடிவிலான கொள்முதல் கொள்கை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த நூலுக்கு மறுப்பு எழுதியவரின் நூலையும் வாங்கும்படி ஒரு விண்ணப்பம் கொடுங்கள்.

கேள்வி: நான் எந்தெந்த நூல்களை இரவல் வாங்கினேன் என்பதை நூலகம் என்றென்றைக்கும் வைத்திருக்குமா? காவல்துறை கேட்டால் கொடுத்துவிடுவார்களா?

பதில்: பழைய நூல்களின் பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு காகித உறை ஒட்டியிருக்கும், நினைவிருக்கிறதா? அதில் செருகிய அட்டையில் நூலை எடுத்தவர்களின் பெயரோ உறுப்பினர் எண்ணோ, வெவ்வேறு மைகளில், வெவ்வேறு கையெழுத்துகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். நமக்கு முன் யார் படித்தார் என்று பார்ப்பதில் ஒரு சுவை இருந்தது. ஆனால் அடுத்து எடுப்பவர் எவருக்கும் நம் வாசிப்பு திறந்துகிடந்தது என்பதும் உண்மை. இன்றைய கணினி மென்பொருள்களைப் பொறுத்தவரை, நூல் திரும்பி வந்ததும் அதற்கும் உறுப்பினருக்கும் உள்ள தொடர்பை அழித்துவிடும்படி அமைத்துக்கொள்ள முடியும். அப்படி அமைத்திருக்கிறார்களா என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும்; நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

வாசகரைப் பற்றி அறிந்ததை ரகசியமாகக் காப்பது நூலகரின் கடமை என்று அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1939-ஆம் ஆண்டு நெறிமுறையே கூறுகிறது. அது ஏட்டளவில் நிற்கவில்லை. 2005-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஒரு நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் பற்றிய விவரங்களைக் கேட்டு அந்நாட்டு மத்தியப் புலனாய்வுத் துறை (எஃப்.பி.ஐ.), நீதிமன்ற ஆணை ஏதுமின்றி, ஒரு நூலகக் கூட்டமைப்புக்குக் கடிதம் கொடுத்தது. அப்படியொரு கடிதம் வந்ததையே வெளியில் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. பொறுப்பிலிருந்த நான்கு நூலகர்கள் பெயர் மறைத்து வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் வழக்கின் விசாரணையையே வேறொரு நகரின் நீதிமன்ற அறையிலிருந்து திரையில் பார்க்கும் நிலை அவர்களுக்கு. 2006-இல் அரசு வாய்ப்பூட்டையும் விலக்கிக்கொண்டது, பிறகு கோரிக்கையையும் கைவிட்டது. இதில் எனக்குப் பட்டது இதுதான்: இல்லாத பதிவை எந்த ஆணையாலும் பறிமுதல் செய்ய முடியாது. ஒரு எச்சரிக்கை. நூலகம் வழியாக மின்னூல் படிக்கும்போது பெரும்பாலும் தனியார் செயலி ஒன்று இடையில் நிற்கிறது. நூலகம் அழித்த பதிவு அங்கே அழியாமல் இருக்கலாம்.

கேள்வி: மின்னூலை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாமே, பிறகு ஏன் நூலகத்தில் அதற்குக் காத்திருப்போர் பட்டியல்?

பதில்: அச்சு நூலை நூலகம் விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்கிறது, மின்னூலைப் பெரும்பாலும் உரிமம் என்ற பெயரில் வாடகைக்குத்தான் எடுக்கிறது. ஓர் உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர் என்பது பொதுவான நிபந்தனை. 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், 26 முறை இரவல் கொடுத்ததும் அந்த மின்னூல் காலாவதியாகும், வேண்டுமானால் மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. இரண்டு வாரத்துக்கு ஒருவர் என்று கணக்கிட்டால் சரியாக ஓராண்டு. தைத்த கட்டுடைய அச்சு நூல் இதைப்போலப் பல மடங்கு கைமாறியும் தாங்குவதை எந்த நூலகரும் காட்டுவார். எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் வருமானம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாதுகாத்து வைப்பது நூலகத்தின் பாதி வேலை, வாடகைப் பொருளை யாரும் தலைமுறைகளுக்குப் பாதுகாக்க முடியாது.

கேள்வி: தகவல் அறியும் உரிமையை முதலில் சட்டமாக்கிய நாடு எது?

பதில்: சுவீடன், 1766-இல், பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தின் பகுதியாக. அமெரிக்காவின் சட்டம் 1966-இல்தான் வந்தது. இடையில் சரியாக 200 ஆண்டுகள்!

கேள்வி: என் மகளுக்குப் பார்வை இல்லை. அவள் கேட்கும் பாடநூலின் ஒலிவடிவம் வேறொரு நாட்டு நூலகத்தில் இருக்கிறது. பெற வழியுண்டா?

பதில்: உண்டு. முன்பு, ஒரு நாட்டில் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்றிய நூலை எல்லை தாண்டி அனுப்பப் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். அதனால் ஒரே நூலை ஒவ்வொரு நாடும் தனித்தனியே பதிவு செய்துகொண்டிருந்தது. 2013-இல் கையெழுத்தான மராகேஷ் உடன்படிக்கை இதை மாற்றியது. அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. 20 நாடுகள் சேர்ந்ததும் 2016 செப்டம்பர் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இரு நாடுகளும் உடன்படிக்கையில் இருந்தால், அங்கீகாரம் பெற்ற நூலகமோ அமைப்போ உரிமையாளரிடம் அனுமதி கேட்காமலே பிரதியைப் பரிமாறிக்கொள்ளலாம். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு இதற்கென ஒரு பொது நூற்பட்டியலையும் நடத்துகிறது. அருகிலுள்ள பார்வையற்றோர் நூலகத்தில், அவர்கள் அந்தப் பட்டியலில் இணைந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு மூன்றையும் கையோடு எழுதிக்கொண்டு போங்கள், ஏனெனில் பாடநூல்களில் பதிப்பு மாறினால் பக்கங்களும் மாறிவிடும்.