லைஃப் ஜாக்கெட்டில் ஜிபிஎஸ் ஆண்டெனா தைக்கலாமா?

கேள்வி: என் மகன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் கடலில் தவறி விழுந்தால் அது படகோடு போய்விடுமே! லைஃப் ஜாக்கெட்டிலேயே ஆண்டெனாவைத் தைத்துக் கொடுத்தால் என்ன?
- ஒரு தாய், நாகப்பட்டினம்

பதில்: தைக்கலாம், அம்மா. 11 வருடமாக எனக்கு அதுதான் வேலை. தையல் சுலபம். உடம்பும் உப்புத்தண்ணீரும்தான் பாடாய்ப் படுத்தும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. நம்மிடம் வந்துசேரும் சக்தியோ, ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி கோடியால் வகுத்து, அதையும் நூறால் வகுத்தால் கிடைக்கும் துளி. அதன் குறுக்கே ஒரு சென்டிமீட்டர் கடல்நீர் நின்றால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே. ஆண்டெனாவை அதோடு ஒட்டி வைத்தால், ஜிபிஎஸ் அலை வரும் 1575.42 மெகாஹெர்ட்ஸுக்குச் சரிசெய்த அதன் அதிர்வெண் கீழே நழுவிவிடும்.

அதனால் உடம்புப் பக்கம் செம்பு பூசிய துணியை மறைப்பாக விரித்து, அதன்மேல் தண்ணீர் குடிக்காத ஃபோம் வைத்து, அதற்கும் மேலே அதே துணியில் உள்ளங்கையளவு சதுரம் ஒட்டுகிறோம். அலையைப் பிடிக்கும் ஆண்டெனா அதுதான். சதுரத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டைச் சீவிவிட்டால், செயற்கைக்கோளிலிருந்து சுழன்று வரும் அலையை அது நன்றாகப் பிடிக்கும்.

எங்கே தைப்பது என்பதில்தான் நான் தவறினேன். முதல் மாதிரியை முதுகில், கழுத்துக்குக் கீழே வைத்தேன். தரையில் அருமையாக வேலை செய்தது. நீச்சல் குளத்தில் ஆளை இறக்கியதும் ஒரு செயற்கைக்கோள்கூடக் கிடைக்கவில்லை. நல்ல லைஃப் ஜாக்கெட் ஆளை மல்லாக்கத் திருப்பிவிடும். முதுகு தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போது தோளுக்கு முன்னால், காறையெலும்புக்கு மேலே தைக்கிறேன். நின்றாலும் மிதந்தாலும் அந்த இடத்துக்கு வானம் தெரியும்.

துணி கிழிந்து நான் பார்த்ததில்லை. கேபிளைப் பற்றவைத்த இடம்தான் விட்டுப்போகும். ஈயம் விறைப்பாக நிற்க, துணி மடங்க மடங்க, அந்த ஓரத்தில் இழை அறும். அங்கே ரப்பர் பிசின் ஊற்றி, கேபிளை ஒரு வளையம் தளர்த்தித் தைத்த பிறகுதான் தாக்குப்பிடித்தது.

ஆனால் ஜிபிஎஸ் ஆண்டெனா கேட்கும், பேசாது அம்மா. தம்பி மிதக்கும் இடம் ஜாக்கெட்டுக்குத் தெரிந்தால் போதாது, கரைக்குத் தெரிய வேண்டும். அதற்கு 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகள் தனியாக உண்டு. அதன் கம்பி தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். ஜாக்கெட் வாங்கும்போது நெஞ்சின் மேல்பக்கம் அதை மாட்டப் பை இருக்கிறதா என்று பாருங்கள்.