லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

கேள்வி: இயந்திர உதிரிபாகங்கள் செய்து விற்கிறேன். போன ஆண்டு நல்ல லாபம் என்கிறார் கணக்கர். வங்கிக் கணக்கிலோ ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கே தப்பு? இன்னொன்று: லாபம் என்றாலே அடுத்தவர் பையில் கைவைப்பதுதான் என்கிறார் நண்பர். அதைக் கேட்டதிலிருந்து விலையை ஏற்றக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: கணக்கர் சொல்வது அநேகமாகச் சரிதான். லாபம் வேறு, கையிருப்பு வேறு. சரக்கை அனுப்பி பில் போட்டதுமே அது விற்பனையாகப் பதிவாகிவிடும். பணம் வர 60 நாளோ 90 நாளோ ஆகலாம். அதற்குள் மூலப்பொருளுக்கும் சம்பளத்துக்கும் வரிக்கும் நீங்கள் கொடுத்தாக வேண்டும். வாங்கிய கடனில் வட்டி மட்டும்தான் செலவுக் கணக்கில் ஏறும். அசலை அடைப்பது லாபத்தைத் தொடாது, பணத்தை மட்டும் கரைக்கும். புது இயந்திரமும் அப்படித்தான்: காசு மொத்தமாகப் போய்விடும், கணக்கில் தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பிரிந்து வரும். வீட்டுச் செலவுக்கு எடுத்ததையும் மறந்துவிடாதீர்கள்.

இரண்டு ஆண்டுகளின் இருப்புநிலைக் குறிப்பை (சொத்தையும் கடனையும் காட்டும் பேலன்ஸ் ஷீட்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரவேண்டிய பாக்கி, விற்காத சரக்கு, இயந்திரங்கள், கடன் ஆகிய நான்கும் எவ்வளவு மாறியிருக்கின்றன? காணாமல் போன லாபம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நன்றாக வளரும் தொழிலில்தான் இந்த இழுபறி அதிகம். விற்பனை கூடினால் பாக்கியும் சரக்கிருப்பும் சேர்ந்தே கூடும். லாபம் காட்டிக்கொண்டே இழுத்து மூடிய நிறுவனங்கள் உண்டு.

அப்புறம், நண்பர் விஷயம். ஒரு பாகத்துக்கு உங்களுக்கு எல்லாம் சேர்த்து 60 செலவு, விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அது இல்லாமல் இயந்திரம் நின்றால் வாங்குபவருக்கு 150 இழப்பு. வியாபாரம் முடிந்ததும் உங்களுக்கு 40 லாபம், அவருக்கு 50 மிச்சம். இந்த 90 யாருடைய பையிலிருந்தும் வந்ததல்ல. பணம் கைமாறியது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது, உருவான மதிப்பு தெரிவதில்லை. அதனால்தான் பலருக்கு இந்தக் குழப்பம்.

அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அதைப் பெருமையாக வைத்தார்கள். அன்று அதன் விலை ஏறக்குறைய வெள்ளிக்கு நிகர். 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்ஸில் பால் ஹெரூவும் தனித்தனியே மின்சாரத்தால் அதை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார்கள். சில ஆண்டுகளில் விலை மளமளவென்று விழுந்தது. தயாரித்தவர்கள் சம்பாதித்தார்கள், ஆனால் மலிவு விலையில் வாங்கிய உலகம் அடைந்த நன்மை அதைவிடப் பல மடங்கு.

நண்பர் முழுக்கத் தவறு என்றும் சொல்லமாட்டேன். ஏமாற்றி விற்றாலோ, போட்டியாளரை உள்ளே விடாமல் தடுத்தாலோ, கழிவை ஆற்றில் விட்டு அந்தச் செலவை ஊர் தலையில் கட்டினாலோ அவர் சொல்வதுதான் நடக்கிறது. உங்கள் தொழிலில் அப்படி ஏதும் இல்லையென்றால் கூச்சம் தேவையில்லை.

விலையை ஏற்றுவதற்கு முன் நான்கைந்து வாடிக்கையாளர்களிடம், பாகம் கிடைக்காமல் ஒரு நாள் வேலை நின்றால் என்ன நஷ்டம் என்று கேளுங்கள். 60-க்கும் 150-க்கும் நடுவில் எங்கே நிற்கலாம் என்பது அதில் தெரியும். சீக்கிரம் பணம் தருபவருக்குத் தள்ளுபடி தரலாம். ஆனால் 60 நாள் முன்னதாகப் பணம் வர 2 சதவீதம் விட்டுக்கொடுத்தால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீத வட்டி கட்டுவதற்குச் சமம். உங்கள் வங்கிக் கடன் அதைவிட மலிவாக இருந்தால் அந்தத் தள்ளுபடி வேண்டாம்.