ஆய்வகத்துப் பழைய உடல் மாதிரிக்கு எனாமல் அடிக்கலாமா?

கடலோர ஊரான கீழக்கரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை கேட்டிருக்கிறார்: கையால் செய்த பழைய மனித உடல் மாதிரி ஒன்று ஆய்வகத்தில் இருக்கிறது, நெஞ்சைத் திறந்தால் இதயம், நுரையீரல், கல்லீரல் எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும், இப்போது வர்ணம் உரிந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது, ஈரத்துணியால் துடைத்து எனாமல் பெயின்ட் அடித்துவிடலாமா?

வேண்டாம் டீச்சர். இரண்டுமே வேண்டாம்.

முதலில் அது எதில் செய்தது என்று பாருங்கள். தூக்கினால் லேசாக இருந்து, உடைந்த இடத்தில் காகித அடுக்கு தெரிந்தால் காகிதக்கூழ், நம் கொலு பொம்மை மாதிரிதான். கனமாக, குளிர்ச்சியாக இருந்து, தொட்டால் வெள்ளைத் தூள் விரலில் ஒட்டினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். காகிதக்கூழ் ஈரம் பட்டால் ஊறிப்போகும், பிளாஸ்டரும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

இப்படிக் கழற்றி மாட்டும் காகிதக்கூழ் உடல்களை 1820-களில் செய்து பரப்பியவர் லூயி ஓசூ என்ற பிரெஞ்சு மருத்துவர். அதற்கு முன் வகுப்புக்குக் கிடைத்தது அழுகும் பிணமும், கை பட்டால் கெட்டுப்போகும் மெழுகு மாதிரியும். பிள்ளைகள் தொட்டு, பிரித்து, திரும்ப மாட்டிப் படிக்கட்டும் என்றே அவர் இதைச் செய்தார். அவருடைய மாதிரிகளில் உறுப்புகள்மேல் குட்டிக் குட்டி எண் சீட்டுகள் ஒட்டியிருக்கும். உங்களுடையதை யார் செய்திருந்தாலும் சரி, அப்படிச் சீட்டு இருந்தால் அதுதான் பாடமே, எனாமல் அடித்தால் ஒரே நாளில் போய்விடும்.

அந்த வெள்ளைப் பூப்பு, பஞ்சு போல இருந்து முடை நாற்றம் அடித்தால் பூஞ்சை. நறநறவென்று இருந்தால் உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அதை இழுத்து நீர்விடும், வாடைக் காற்று நாளில் அடுக்களை உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் மாதிரியின் மேலும் நடக்கிறது. காய்ந்ததும் திரும்பக் கட்டியாகி வர்ணத்தை உள்ளிருந்து தள்ளுகிறது. எதுவானாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான நிழலில், மெல்லிய உலர்ந்த பிரஷால் நல்ல வர்ணம் உள்ள இடத்தை மட்டும் தட்டுங்கள். உப்புத்தாள் தேய்க்கவே கூடாது, பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். கொக்கி துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விடாதீர்கள், காகிதம் குடித்துவிடும்.

வைக்கும் இடம்தான் முக்கியம். கடலைப் பார்த்த ஜன்னலும் வெளிச்சுவரும் வேண்டாம். உட்சுவர் ஓரமாக, கதவு உள்ள மர அலமாரியில், கரையான் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்தி, துவைத்த பருத்தி வேட்டியால் மூடுங்கள். பாலித்தீன் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். கூழில் உள்ள பசைக்கு இராமபாணப் பூச்சி வரும், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பூட்டியே வைக்கச் சொல்லவில்லை. தினப் பாடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள். இதயம் நடத்தும் நாளில் இதை வெளியே எடுத்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு நீங்களே பிரித்துக் காட்டுங்கள். அப்புறம், உதிர்ந்த சில்லு எதையும் கூட்டித் தள்ளிவிடாதீர்கள், காகித உறையில் போட்டு எந்த உறுப்பிலிருந்து விழுந்தது என்று எழுதி வையுங்கள், பிறகு ஒட்டத் தெரிந்தவர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.