பட்டம் வாங்கிய பிறகு எழுதலாமா?

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் தமிழ் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பு. அகமதிப்பீட்டுத் தேர்வு, நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) கேட்கும் கோப்புகள், அடுத்தடுத்துக் கருத்தரங்குகள், இவற்றோடு பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. முன்பு உங்கள் இதழில் என் சிறுகதைகள் வந்திருக்கின்றன. இப்போது எழுதுவதே நின்றுவிட்டது. நகுலனும் இந்திரா பார்த்தசாரதியும் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டேதானே எழுதினார்கள்? என்னால் மட்டும் ஏன் முடியவில்லை? பட்டம் வாங்கும்வரை கதையை ஒத்திவைத்துவிடலாமா? நான் கதை எழுதுவது என் ஆய்வு நெறியாளருக்குப் பிடிக்கவில்லை. புனைபெயரில் எழுதலாமா என்றும் யோசிக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: ஒத்திவைக்காதீர்கள். எத்தனை காலத்துக்கு ஒத்திவைக்கப் போகிறீர்கள் என்று முதலில் கணக்குப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு, ஆக மொத்தம் 10. வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு பகுதிநேரமாக ஆய்வு செய்கிறவர்கள் எந்தப் பக்கம் போய்ச் சேருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டம் கைக்கு வந்ததும் பொறுப்புகள் கூடத்தான் செய்யும். ஆய்வேட்டை நூலாக்கச் சொல்வார்கள், பாடத்திட்டக் குழுவில் போடுவார்கள், நாக் அறிக்கையின் ஒரு பிரிவு முழுவதையும் ‘முனைவர் பட்டம் பெற்றவர்’ என்ற தகுதிக்காகவே உங்கள் தலையில் கட்டுவார்கள். ‘எல்லாம் முடிந்த பிறகு’ என்று நீங்கள் காத்திருக்கும் அந்த ஆண்டு கல்லூரி நாட்காட்டியில் இல்லை.

மூத்தவர்களோடு ஒப்பிட்டு உங்களை நொந்துகொள்வதையும் விட்டுவிடுங்கள். நகுலன் திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். இருவரும் உழைத்தவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் நாக் அமைப்பு தொடங்கப்பட்டதே 1994இல்தான். வகுப்பில் நடத்திய பாடத்துக்கு ஒளிப்படச் சான்று, வருகைப் பதிவுக்கு ஒரு கோப்பு, அந்தக் கோப்பு இருப்பதற்கு இன்னொரு கோப்பு என்று அவர்கள் தலைமுறை மாலைப் பொழுதைக் கழிக்கவில்லை. மேலும் நீங்கள் ஒரு பெண். விடியற்காலையில் எழுந்து எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அறிவுரையை நான் தர மாட்டேன். நம் வீடுகளில் விடியற்காலை பெண்களுக்குச் சொந்தமான நேரமாக இருந்ததில்லை. உங்களிடம் குறைவாக இருப்பது மன உறுதி இல்லை, நேரம். அந்த நேரம் எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் என்று மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. நீங்கள் இருபது எடுக்கிறீர்கள். சுயநிதிப் பிரிவில் இருந்துகொண்டு இதைத் தனியாளாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை நான் அறிவேன், அதனால் போய்ச் சண்டை போடுங்கள் என்று சொல்லவில்லை. அது அநியாயம் என்பதை மட்டும் இங்கே அச்சில் பதிவு செய்கிறேன்.

கருத்தரங்குகள் அப்படியில்லை. அவற்றில் பாதியாவது உங்கள் கையில் இருக்கிறது. பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வந்த கட்டுரையையெல்லாம் ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண் போட்டுத் தொகுதியாக்கி, மேடையில் ஐந்து நிமிடம் பேசவிட்டுச் சான்றிதழ் தரும் கருத்தரங்குகளைச் சொல்கிறேன். அந்தக் கட்டுரையை யாரும் படிப்பதில்லை, தொகுத்தவர் உட்பட. ஒரு கட்டுரைக்கு உங்களுக்கு எத்தனை இரவுகள் போகின்றன? முனைவர் பட்டத்துக்கு ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும், கருத்தரங்கில் படித்தாக வேண்டும் என்று முந்தைய விதிமுறையில் இருந்த கட்டாயம் 2022 விதிமுறையில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது கேட்கிறதா என்று அதன் விதிகளை எடுத்துப் பாருங்கள். கேட்டால், கேட்ட எண்ணிக்கையை மட்டும், படிக்கத் தகுந்த ஆய்விதழில் எழுதுங்கள். துறையில் எல்லாரும் போகிறார்கள் என்பதற்காகப் போகும் கருத்தரங்குகளை இந்தப் பருவத்திலேயே (செமஸ்டரிலேயே) நிறுத்துங்கள். அந்த இரவுகள் கதைக்கு உரியவை.

அந்த இரவுகளை எப்படிச் செலவிடுவது? ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி ஆசிரியர்களின் எழுத்துப் பழக்கத்தை ஆராய்ந்தார். நீண்ட விடுமுறைக்குக் காத்திருந்தவர்களைவிட, சிறிது நேரமானாலும் ஒழுங்காக உட்கார்ந்தவர்களே அதிகம் எழுதினார்கள் என்பது அவர் கண்டது. அதிலிருந்துதான் ‘தினமும் எழுது’ என்ற கட்டளை பரவியது. பிறகு ஹெலன் சோர்ட் என்ற நியூசிலாந்துப் பேராசிரியர் நூறு கல்வியாளர்களைப் பேட்டி கண்டு 2017இல் ஒரு நூல் வெளியிட்டார். நன்றாக எழுதுகிறவர்களில் பலர் தினமும் எழுதுவதில்லை என்று அதில் காட்டினார். ஆகவே ஒரு நாள் தவறியதற்காக உங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் விடுமுறைக்குக் காத்திருப்பது பற்றிப் பாய்ஸ் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். காரணம், எனக்கு வரும் தபால். மே, ஜூன் மாதங்களில் கல்லூரி ஆசிரியர்களின் கதைகள் குவிகின்றன. விடுமுறையில் ஒரே மூச்சில் எழுதி, கல்லூரி திறப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வந்தவை என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நல்ல கரு இருக்கும். ஒருமுறைகூடத் திரும்பப் படித்திருக்க மாட்டார்கள்.

பருவத்தின் நடையைக் கவனியுங்கள். பருவம் தொடங்கும் முதல் சில வாரங்களில் திருத்த விடைத்தாள் இருக்காது, அப்போது புதிய கதையைத் தொடங்கலாம். அகமதிப்பீட்டுத் தேர்வுகள் வந்ததும் புதிதாக எதையும் எழுத முயலாதீர்கள், எழுதியதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஓய்வுப் பாடவேளையில் ஒரு பத்தியை மட்டும் அடித்துத் திருத்துங்கள். விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கும் வாரங்களில் அதையும் விட்டுவிடுங்கள். நாள் முழுவதும் ஒரே விடையைத் திரும்பத் திரும்பப் படித்து மதிப்பெண் போட்ட கண்ணுக்குச் சொந்த வாக்கியத்தின் குறை தெரியாது. விடுமுறை, ஏற்கெனவே கையில் இருக்கும் கதையை முடிப்பதற்கானது. இப்படிப் போனால் ஆண்டுக்கு இரண்டு கதைகள் தேறும். ஒரு தொகுப்புக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அது தாமதமில்லை, சிறுகதைக்கு அது நியாயமான வேகம்.

நேரத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. நீங்கள் பகலெல்லாம் ஆய்வு நடையில் இருக்கிறீர்கள். சொல்லப்போவதை முன்னுரையில் சொல்லி, இயலில் சொல்லி, முடிவுரையில் திரும்பச் சொல்லும் நடை அது. ‘இதனால் அறியலாகிறது’, ‘ஈண்டு நோக்கத்தக்கது’ என்று வாசகருக்கு விரலைப் பிடித்துக் காட்டும் நடை. ஆய்வேட்டில் அதற்குக் காரணம் உண்டு. கதைக்குள் அது வந்தால் பாத்திரங்கள் வாழ்வதை நிறுத்திவிட்டு விளக்கம் தரத் தொடங்குகின்றன. ஒரு தாய் தன் மகள் மீது கொண்ட கோபத்தைக் காட்டிவிட்டு, அடுத்த வரியில் அந்தக் கோபத்தின் சமூகப் பின்னணியை ஆசிரியரே சொல்லிவிடுகிறார். கல்லூரியிலிருந்து வரும் கதைகளில் நான் அதிகம் திருப்பி அனுப்புவது இந்த வகையைத்தான். அதனால் எழுத உட்காரும் முன் ஆய்வுக் கோப்பை மூடிவிட்டு, உரையாடல் நன்றாக அமைந்த கதை ஏதாவது ஒன்றில் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். காது மாறட்டும். எழுதாமலே இன்னும் பல ஆண்டுகள் போனால் இந்தக் காதுதான் முதலில் போகும். ஒத்திவைக்காதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

நெறியாளர் பற்றி. உங்கள் ஆய்வேடு குறித்துக் கருத்துச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஞாயிறு இரவில் நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பதில் இல்லை. அதை அவரிடம் வாதாடி நிரூபிக்கவும் வேண்டாம், ஆய்வேட்டின் இயல்களைச் சொன்ன தேதியில் கொடுத்துக்கொண்டிருங்கள். புனைபெயர் வேண்டுமானால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன இருவரும் அப்படி எழுதியவர்களே: நகுலன் என்பவர் டி.கே. துரைசாமி, இந்திரா பார்த்தசாரதி என்பவர் மனைவியின் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்ட ஆர். பார்த்தசாரதி. கதையின் மேலே புனைபெயரை எழுதுங்கள். தனித்தாளில் உங்கள் சொந்தப் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு விவரம் மூன்றும் வேண்டும், சன்மானம் அனுப்புவதற்கு. அந்தத் தாள் என் மேசையைத் தாண்டிப் போகாது.