பதினோராம் மணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 23 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவக் கிராமம் எங்கள் ஊர். தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. கைக்குழந்தையில் ஞானஸ்நானம், பதினைந்தில் திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக்கும் சடங்கு), எல்லாம் முறையாக நடந்தது. இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடங்களாக அம்மா ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார்கள். குழந்தைக்குக் கொடுத்ததெல்லாம் ஞானஸ்நானமே இல்லை, இந்த வருடத்துக்குள் நீ முழுக்கு எடுத்தாக வேண்டும் என்று ஒவ்வொரு முறை பேசும்போதும் சொல்கிறார்கள். 'உன் வாலிபப்பிராயத்திலே உன் சிருஷ்டிகரை நினை' என்ற வசனம் வாரம் இரண்டு முறையாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

எனக்கு விசுவாசம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வயதிலேயே அதில் முழுதாக இறங்க மனம் வரவில்லை. கொஞ்சம் சம்பாதித்து, நாலு இடம் சுற்றி, வாழ்ந்து பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றுகிறது. திராட்சத்தோட்டத்து உவமையில் கடைசியாக வந்தவனுக்கும் அதே ஒரு பணம்தானே கூலி?

இன்னொன்று. என்னோடு வேலை பார்க்கும் தோழி இந்துக் குடும்பத்துப் பெண். கல்லூரி விடுதியில் பைபிள் வாசிக்கத் தொடங்கி, இயேசுவை ஏற்றுக்கொண்டவள். 'அம்மா இருக்கும்வரை ஞானஸ்நானம் எடுக்க மாட்டேன்' என்கிறாள். அது கோழைத்தனம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக என்னிடம் பேசவில்லை. நான் சொன்னது தவறா? நீங்கள் எந்த வயதில் இதை முடிவு செய்தீர்கள்?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

தோழியை அவசரப்படுத்துகிறீர்கள், உங்களுக்கு மட்டும் அவகாசம் கேட்கிறீர்கள். கடிதத்தை அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை படித்திருந்தால் சிரித்திருப்பீர்கள். அம்மா உங்களிடம் செய்வதைத்தான் நீங்கள் அந்தப் பெண்ணிடம் செய்திருக்கிறீர்கள். அவராவது வசனம் அனுப்புகிறார்.

முதலில் அந்தக் கூலிக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். மத்தேயு 20-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். கடைசி ஆட்களைக் கூப்பிட்ட பதினோராம் மணி என்பது நம் கணக்கில் மாலை ஐந்து. 'பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன' என்று தோட்டத்து எஜமான் கேட்கிறான். 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்கிறார்கள் அவர்கள். கோயம்புத்தூரில் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஏதாவது ஒரு முக்கில் கொத்தனார்களும் சித்தாள்களும் தூக்குவாளியோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்து மணிக்குள் யாரும் கூப்பிடாவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. அப்படியும் வீட்டுக்குத் திரும்பிப்போக மனமில்லாமல் மாலை ஐந்து வரை நிற்கிறவர்களைப் பற்றிய கதை அது. காலையிலேயே கூப்பிட்டும் போகாமல், மர நிழலில் படுத்துவிட்டு வெயில் தாழ்ந்த பிறகு வந்தவன் அந்த உவமையில் இல்லை. உங்களைக் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள் ஜெ., தொட்டிலில் வைத்தே கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே அந்த ஒரு பணத்தை வைத்து நீங்கள் வாதாட முடியாது. வேறு வாதம் இருக்கலாம்.

அம்மாவின் வசனத்துக்கும் இதே கதிதான். பிரசங்கி 12-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் அது. அதிகாரம், வசனம் என்ற பிரிவுகளெல்லாம் பிற்காலத்தில் போட்டவை. அந்த வேலியைத் தாண்டி இரண்டு வசனம் பின்னால் போனால், 'வாலிபனே! உன் இளமையிலே சந்தோஷப்படு' என்று இருக்கிறது. நெஞ்சின் வழிகளிலும் கண்ணின் காட்சிகளிலும் நட என்றே சொல்கிறது. கூடவே, இவையெல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கப்படும் என்றும். சந்தோஷம், கணக்கு, சிருஷ்டிகர் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னவரிடமிருந்து ஒன்றை மட்டும் அறுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது அதட்டலாகத்தான் கேட்கும். அம்மாவுக்கு அந்த முன்வசனத்தை அனுப்பிப் பாருங்கள். சண்டை வந்தால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

'வாழ்ந்து பார்த்துவிட்டு வருகிறேன்' என்பது நீங்கள் கண்டுபிடித்ததல்ல. நான்காம் நூற்றாண்டில் அது கௌரவமான வழக்கமாகவே இருந்தது. ஞானஸ்நானத்தில் எல்லாப் பாவமும் கழுவப்படும், அதற்குப் பிறகு செய்கிற பாவத்துக்கு விமோசனம் கடினம் என்று நம்பியதால் பலரும் கடைசிவரை தள்ளிப்போட்டார்கள். சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். 374-இல் மிலான் நகரத்தார் அம்புரோசை ஆயராக (பிஷப்பாக) தேர்ந்தெடுத்தபோது அவருக்கு ஞானஸ்நானமே ஆகியிருக்கவில்லை. அவசர அவசரமாகக் கொடுத்து, சில நாட்களிலேயே ஆயராக்கினார்கள். நம் ஊர் சபைத் தேர்தல்களில்கூட இப்படி நடந்ததில்லை.

அதே நூற்றாண்டில் பிறந்து, பிற்காலத்தில் புனிதரான அகுஸ்தீன் கதைதான் உங்களுக்கு வேண்டியது. சிறுவனாக இருக்கும்போது கடும் வயிற்றுவலி வந்து, ஞானஸ்நானம் வேண்டும் என்று அவரே கேட்டார். தாய் மோனிக்கா ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது வலி நின்றுவிட்டது. சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். உங்கள் அம்மா அவசரப்படுத்துகிறார், அந்த அம்மா ஒத்திவைத்தார்; இரண்டு பேருக்குமே பிள்ளையின் ஆத்துமாவைப் பற்றிய பயம்தான். பிற்காலத்தில் அகுஸ்தீன் இதை எழுதும்போது குமுறுகிறார்: 'விடு, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லையே, செய்துவிட்டுப் போகட்டும்' என்கிறார்களே, உடம்பில் காயம் பட்டவனைப் பார்த்து, 'விடு, இன்னும் குணமாகவில்லையே, இன்னும் கொஞ்சம் காயம் படட்டும்' என்று யாராவது சொல்வார்களா?

'கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்' என்று வாலிபத்தில் அவர் ஜெபித்ததை மேடைகளில் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். அந்த 'இப்போதே வேண்டாம்' காலம் முழுக்க அவரோடு ஒரு பெண் வாழ்ந்தாள் என்பதை மேடையில் அதிகம் சொல்வதில்லை. பத்து வருடங்களுக்கும் மேல். அவர்களுக்கு ஒரு மகனும் இருந்தான். தகுதியான இடத்தில் பெண் பார்த்து நிச்சயமானதும், மிலானிலிருந்து அவளை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகனை மிலானிலேயே விட்டுவிட்டு, இனி வேறு ஆணை அறியமாட்டேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனாள். 387-இல் அகுஸ்தீன் மகனையும் சேர்த்துக்கொண்டு ஞானஸ்நானம் பெற்றார், பிறகு ஆயரானார், புனிதரானார். அந்தப் பெண்ணின் பெயரை அவர் எழுதி வைக்கவே இல்லை. என் நெஞ்சு கிழிந்தது என்று எழுதியவர், பெயரை எழுதவில்லை.

நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று சொல்லவில்லை. பம்பரம்போல் ஊர் சுற்றுங்கள், மலையேறுங்கள், அதற்கும் ஞானஸ்நானத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'அதில் இறங்கிவிட்டால் செய்ய முடியாது' என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் பட்டியலில் வேறு மனிதர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் அவகாசத்துக்கான செலவு அவர்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது.

இனி அவசரத்தின் பக்கம். உங்களைவிட இதில் எனக்கு அனுபவம் அதிகம்.

எனக்குத் திடப்படுத்தல் பதினான்கு வயதில். விசுவாசப்பிரமாணம், பத்துக் கற்பனைகள், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. வெள்ளைச் சட்டை வெள்ளைக் கால்சட்டையில் இருபது பேர் வரிசையாக முழங்காலிட்டோம். பேராயர் தலையில் கை வைத்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முடியில் தேங்காயெண்ணெய் அதிகமோ என்ற கவலை மட்டும் இருந்தது. பதினாறாம் வயதில் ஒரு வாலிபர் முகாம். கடைசி நாள் இரவு விளக்குகளைக் குறைத்து, மெல்லிய இசையோடு, 'ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னே வாருங்கள்' என்றார்கள். பக்கத்தில் இருந்த நண்பன் அழுதுகொண்டே எழுந்தான், நானும் அழுதுகொண்டே எழுந்தேன். அழுகை பொய்யில்லை. பெயர், வயது, தேதி எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வருடமும் போனேன், முன்னே போனேன், எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் அந்த அண்ணனுக்கு என் பெயர் தெரிந்திருந்தது, கேட்காமலே எழுதினார்.

கி.பி. 200 வாக்கிலேயே தெர்த்துல்லியன் என்ற ஆதித்திருச்சபை எழுத்தாளர் கேட்டார்: குற்றமறியாத வயது ஏன் பாவமன்னிப்புக்கு ஓடுகிறது? அவர் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, கல்யாணமாகாதவர்களுக்கும் தள்ளிப்போடச் சொன்னவர், ஆகையால் முழுதாக நம்ப வேண்டாம். ஆனாலும் கேள்வி கேள்விதான்.

அம்மாவின் நிலைப்பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் சிலர், குழந்தையில் பெற்றது எங்கள் சம்மதத்தோடு பெற்றதல்ல என்று சொல்லி, ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸைக் கட்டி லிம்மட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது நகர மன்றம். தண்ணீர்தானே கேட்டாய், எடுத்துக்கொள் என்பதுபோல. விசுவாசத்தை ஒரு மனிதனுக்காக அரசோ சபையோ பெற்றோரோ முடிவு செய்யக்கூடாது என்பதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த மரபிலிருந்து உங்கள் அம்மா தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டார். தாயின் வற்புறுத்தலில் 23 வயதில் எடுக்கும் முழுக்கும் தாயின் மடியில் மூன்று மாதத்தில் பெற்ற தெளிப்பும் ஒன்றுதான். பின்னதில் உங்களுக்கு எடை குறைவு.

அப்படியானால் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடலாமா, வளர்ந்தபின் அவர்களே பார்த்துக்கொள்ளட்டுமே என்று நகரத்துக் கிறிஸ்தவர்கள் சிலர் இப்போது சொல்கிறார்கள். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் நாற்பதுகளில், அப்பாவை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன இரவில், எனக்கு ஜெபம் வரவில்லை. 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்ற வரி வந்தது. ஓய்வுநாள் பள்ளியில் பென்சில் பரிசுக்காக மனப்பாடம் செய்தது. அப்போது பர்வதம் என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் தேரிமணல். அன்றிரவு நான் விசுவாசித்தேனா என்று கேட்டால் தெரியாது. வாய்க்கு ஒரு பேச்சு இருந்தது. அது ஐம்பது வயதில் கற்றுக்கொண்டால் அப்படி வராது.

கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரைப் பன்னிரண்டு வயதில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். பெத்லகேம் குறவஞ்சி அங்கே விளைந்தது. எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெறும்போது முப்பது வயது கடந்தவர். அதுவரை வைணவர், கம்பனில் ஊறியவர். அவருடைய காவியமான இரட்சணிய யாத்திரிகம் வந்தது 1894-இல், அவருடைய அறுபதுகளில். 'சத்தாய் நிஷ்களமாய்' என்று உங்கள் சபையிலும் பாடுவார்கள். அந்தத் தமிழ் அவருக்குச் சபை கொடுத்ததல்ல, முந்தைய முப்பது வருடம் கொடுத்தது. இந்த இருவரில் யார் சரியான வயதில் வந்தார் என்று கேட்டால் நான் எப்படிச் சொல்ல? இரண்டு பேரிடமும் வருவதற்கு முன்பே ஏதோ நிறைந்திருந்தது. நம் முகாம்கள் பிள்ளைகளைக் காலியாக்கிவிட்டு ஊற்றப் பார்க்கின்றன.

இனி உங்கள் தோழி. 1841-இல் சென்னையில் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சனின் பள்ளியில் படித்த ராஜகோபால், வெங்கடராமையா என்ற இரண்டு இளைஞர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெற்றோர் பலர் பிள்ளைகளைக் கூட்டமாகப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மிஷன் வரலாறுகள் இதை வெற்றியாக எழுதும். அந்த வீடுகளில் அன்று அடுப்பு எரிந்திருக்குமா என்று எழுதாது. மராட்டியக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895-இல் மும்பையில் ஞானஸ்நானம் பெற்றபோது மனைவி லட்சுமிபாய் அங்கே இல்லை. சில ஆண்டுகள் பிரிந்திருந்தார்கள். பிறகு அவரிடம் திரும்பி வந்தும் தன் ஆசாரத்தை உடனே விடவில்லை. தன் போக்கில் யோசித்து, 1900-இல் தானாக ஞானஸ்நானம் பெற்றார். அந்த ஆண்டுகளைப் பற்றி லட்சுமிபாய் எழுதிய தன்வரலாறான ஸ்மிருதி சித்ரே மராட்டியில் இன்றும் வாசிக்கப்படுகிறது, சிரிப்பும் கோபமுமாக. விலை கொடுத்தவர் எழுதியதால் அது அப்படி இருக்கிறது.

ஆகவே 'அம்மா இருக்கும்வரை' என்று அந்தப் பெண் சொல்வதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். இதற்கான விலையை யாரிடம் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு சங்கடம்: அம்மாவின் மரணத்தை ஒரு தேதியாக வைத்துக்கொண்டு காத்திருப்பது அவளுக்கே பாரமாகிவிடும். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். ஞானஸ்நானத்தைப் பற்றி அல்ல, அவள் பைபிள் வாசிக்கிறாள் என்பதாவது. தாய்மார்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஆனால் இதை முதல் வாக்கியமாகக் கேட்காதீர்கள். முதல் வாக்கியம் மன்னிப்பு.

உங்கள் அம்மாவிடம், இந்த வருடம் முழுக்கு எடுக்கவில்லை என்று நேரில் சொல்லுங்கள், ஃபோனில் வேண்டாம். ஊருக்குப் போகும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு அந்தச் சபைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். மூன்று மணி நேரம் ஆகும். முழங்கால் வலிக்கும், அம்மாவுக்கும் வலிக்கும். அவர் ஏன் பழைய கோயிலின் பெஞ்சை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்கிறார் என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

நான் எந்த வயதில் முடிவு செய்தேன் என்று கேட்டிருந்தீர்கள். சாட்சி சொல்கிறவர்கள் இரட்சிக்கப்பட்ட தேதியை மணி நிமிடத்தோடு சொல்வார்கள். என்னிடம் இல்லை. அந்த முகாம் குறிப்பேடு யாரிடமாவது இருந்தால் மூன்று தேதிகள் கிடைக்கும்; எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.